அவள் போன் சொன்னால் அவன் சுடுவான்

ஒரே ஒரு தோட்டாதான் சுட்டாள் அவள். மேசைமேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசி மட்டும் ஏழு என்றது.

பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தாள். ஏழேதான்! வெளியே தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு மழை. உள்ளே பயிற்சிக் கூடத்தில் அவளும், பக்கத்துத் தடுப்பில் யாரோ ஒருவரும் மட்டும். மழைக்குப் பயந்து மற்றவர்கள் வரவில்லை.

அந்தச் செயலியை அவள் இறக்கி வைத்து ஒரு வாரம்தான் ஆகிறது. துப்பாக்கி சுடப் பழகுகிறவர்களுக்கானது. தொடங்கு என்று அழுத்தினால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். எப்போது வாய் திறக்கும் என்று சொல்லாது. திடீரென்று ஒரு பீப்... உடனே துப்பாக்கியை உயர்த்திச் சுட வேண்டும். வெடிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, பீப்புக்கும் சூட்டுக்கும் நடுவே எத்தனை நேரம் போனது என்று திரையில் காட்டும்.

அதில் எல்லாருக்கும் கிடைக்கிற பீப், விசில் ஊதுவதைப் போல ஒரு கீச்சுக்குரல். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு காது மருத்துவமனையில், வருகிறவர்களுக்கு எவ்வளவு காது கேட்கிறது என்று சோதிக்கும் வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து, ஊசி முனை மாதிரி மெல்லிய ஒலிகளை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலமும் கீச்சா? அமைப்புக்குள் போய், லாரி ஹாரனைப் போன்ற ஒரு தாழ்ந்த 'பாம்' ஒலியை வைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணாடி அறை நிசப்தத்திலிருந்து தப்பிக்கத்தானே அவள் துப்பாக்கி சுடவே வந்தாள்!

சரி... இன்னொரு முறை. தொடங்கு என்று அழுத்தினாள். இந்தத் தடவை அவள் சுடுவதாக இல்லை. கைகட்டிக்கொண்டு நின்றாள்.

பாம்!

பக்கத்துத் தடுப்பில் டப் டப் டப் டப் டப் டப்!

திரையில் ஆறு. அப்படியா சேதி?

பிஸ்டலில் தோட்டா இல்லை என்று சரிபார்த்துக் கீழே வைத்தாள். காதுக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு தடுப்பை டொக் டொக்கென்று தட்டினாள். அந்தப் பக்கம் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

முதலில் தெரிந்தது கண்கள்தான். ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால், மழையில் நனைந்த ஜன்னல் வழியே தெரியும் விளக்கு மாதிரி இரண்டு கண்கள்... அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். விளக்கு இன்னும் கொஞ்சம் கூடியது. அவள் சொல்ல வந்ததையே மறந்துபோனாள்.

இல்லை, மறக்கக் கூடாது. சண்டை போட வந்திருக்கிறோம்.

"என் போன் சொன்னா நீங்க ஏங்க சுடறீங்க?"

"என்னது?"

"என் போன் பீப் அடிச்சா நான்தானே சுடணும்? நீங்க எதுக்குச் சுடறீங்க?"

"நான் என் போன் சொல்லித்தாங்க சுட்டேன்." அவன் தன் கைப்பேசியை எடுத்துக் காட்டினான். அதே செயலி! "பாருங்க, பீப் அடிச்சிருக்கு. என்ன... நான் கொஞ்சம் லேட்டா சுட்டிருக்கேன்."

அவள் திரையைப் பார்த்தாள். "கொஞ்சமா? நாலு நொடி! அதுக்குள்ள அந்த இலக்கு எழுந்து வீட்டுக்கே போயிருக்குங்க."

"வீட்டுக்குப் போகுமோ சினிமாவுக்குப் போகுமோ, அதை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க லாரியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"லாரியா?"

"பின்ன? பாம் பாம்னு... நெடுஞ்சாலையில நிக்கற மாதிரி இருக்கு!"

ஒலிபெருக்கி கரகரத்தது. கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கூடத்தின் பொறுப்பாளர் அம்மாள் பேசினார். "நாலாம் நம்பர், அஞ்சாம் நம்பர்... என்ன மாநாடு அங்க? சுடறதுன்னா சுடுங்க, இல்லன்னா வெளிய வந்து டீ குடிங்க."

அவன் மேலே பார்த்துக் கத்தினான். "அக்கா, இவங்க போன் என் குண்டையெல்லாம் எண்ணுதுக்கா!"

"எண்ணட்டுமே. உன்னையும் ஒரு ஆளா மதிச்சு எண்ணுதுல்ல? சந்தோஷப்படு."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான்... மழை மட்டும் விடாமல் பெய்தது.

அன்றிலிருந்து அவள் நாலாம் நம்பர், அவன் அஞ்சாம் நம்பர். சொந்தப் பெயர்களை இருவரும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டாலும், இந்தப் பெயர்கள்தான் நாக்கில் ஒட்டிக்கொண்டன. பொறுப்பாளர் அம்மாள் அவனுடைய கூடப்பிறந்த அக்கா என்பதும் பிறகுதான் தெரிந்தது, அவளுக்கும் அவர் அக்கா ஆனார்.

இரண்டு போன்கள் இருந்தால் வம்பு. ஒரே போன் போதும் என்று முடிவாயிற்று. ஒருவர் சுட, மற்றவர் பின்னால் நின்று போனைப் பிடிக்க வேண்டும். அவளுடையதில் மின்கலம் நன்றாக நிற்கும் என்று சொல்லி, அவளுடையதையே வைத்துக்கொண்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் போனை வைத்துச் சுட்டால் அவன் கை பறந்தது. 'பாம்' என்று முடிவதற்குள் முதல் குண்டு இலக்கின் நடுவில் இருக்கும்.

"உங்க போன் ராசியான போனுங்க," என்பான் அவன், திரையை நம்ப முடியாமல் பார்த்து.

"போன் மட்டும்தான் ராசியா?" என்று கேட்க வாய் வரும். கேட்கமாட்டாள்.

சுட்டு முடித்ததும் கூடத்தின் பின்புற அறையில் தேநீர். காசு போட்டால் கோப்பையை நிரப்பும் இயந்திரம் ஒன்று, ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாவற்றின்மீதும் துப்பாக்கி எண்ணெயின் லேசான வாசனை. அவன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். லிஃப்ட் கதைகள் அவனிடம் மூட்டை மூட்டையாக இருந்தன.

"போன மாசம் ஒரு மாப்பிள்ளை, மாமியாரோட ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டார். கதவைத் திறந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறார். 'நீங்க ஏங்க இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வரலை'ன்னு ஒரே அழுகை."

"மாமியார்?"

"'அதுக்குள்ள ஏன் வந்தே, இன்னும் பாதிகூடச் சொல்லி முடிக்கலையே'ன்னு திட்டினாங்க."

அவள் சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சிந்தினாள். அவன் சொல்லிக்கொண்டே போனான். மேல்மாடி மோட்டார் அறையில் நின்று கண்ணை மூடிக்கொண்டால் போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவானாம். கம்பெனியில் அவனுக்குப் பெயரே 'காது'தானாம். சொல்லும்போது நெஞ்சு ஒரு அங்குலம் உயர்ந்தது.

அவள் பேசினால் அவன் கேட்கும் விதமே தனி. கொஞ்சம் முன்னால் சாய்வான். அவள் முகத்திலிருந்து... சரியாகச் சொன்னால் அவள் உதடுகளிலிருந்து பார்வையை எடுக்கமாட்டான். இதுவரை யாரும் அவள் பேச்சை இப்படிக் கேட்டதில்லை. மருத்துவமனையில் அவள் பேச ஆரம்பித்தாலே ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இவனோ, உலகத்தில் வேறு ஒன்றுமே இல்லாதது போல... அந்தப் பார்வைக்காகவே வானிலை அறிக்கையைக்கூட அவனிடம் முழுதாக ஒப்பித்தாள்.

வீட்டில் அம்மாவுக்கு மூக்கில் வியர்த்தது. அம்மா தையற்காரி, மாறுகிற உடம்பளவும் மாறுகிற மனசும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"சுடப் போறதுக்கு எதுக்குடி கண்ணுக்கு மை?"

"கூசாம இருக்கும்மா."

"அதுக்குத்தான் மேல ஒரு கண்ணாடி மாட்டிக்கறியே?"

"ம்மா..."

"நான் ஒண்ணும் கேக்கலைப்பா. வலது கண்ணுல கொஞ்சம் ஈஷியிருக்கு, சரி பண்ணிக்கிட்டுப் போ."

அணித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கூடத்தின் சார்பில் பெரிய போட்டிக்குப் போகிறவர்களை அன்றைக்குத்தான் தேர்ந்தெடுப்பார்கள். போன வருஷம் அவன் குறி ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனாலும் தேறவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் சுட்ட பிறகுதான் அவன் ஆரம்பித்திருந்தான்.

"வயசாகுதுங்க," என்றான் ஒருநாள், சிரிப்பில்லாமல். "கை முன்ன மாதிரி இல்ல. இந்தத் தடவையும் போச்சுன்னா பிஸ்டலை வித்துட்டு மாடியில தக்காளி வளர்க்கப் போறேன்."

"முப்பத்தொரு வயசு கிழவருக்குத் தக்காளி ஒத்துக்குமா?" என்று கேலி செய்தாள். உள்ளுக்குள் மட்டும் ஏனோ வலித்தது. அவன் வராத அஞ்சாம் நம்பரை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரம்தான் அது நடந்தது. அவள் போனுக்கு மின்னேற்ற மறந்துவிட்டாள். அவன் போனையே வாங்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அழுத்தினாள்.

கீச்!

அவன் அசையவில்லை.

என்ன இது என்று அவள் நினைத்து முடித்த பிறகுதான் அவன் தோள் லேசாகத் திடுக்கிட்டது. பிறகு சுட்டான். மறுபடி அழுத்தினாள். கீச்! அவன் கழுத்து சந்தேகத்தோடு பாதி திரும்பியது... அடித்ததா, இல்லையா? பிறகு சுட்டான். கை வேகமாகத்தான் போயிற்று. கிளம்புவதில்தான் தாமதம்.

இந்தத் தாமதத்தை அவள் வேலையில் தினமும் பார்க்கிறாள்.

தேநீர் அறைக்குப் போனார்கள். அக்காவும் வந்து உட்கார்ந்தார். காதுக்கவசங்கள் மேசைமேல் கிடந்தன. அவன் இயந்திரத்தில் கோப்பையை நிரப்ப முதுகு காட்டி நின்றபோது, அவன் போனில் அந்தக் கீச்சை மெதுவாக ஒலிக்கவிட்டாள். அக்கா திரும்பிப் பார்த்தார். அவன் பார்க்கவில்லை. அவள் அமைப்பை மாற்றி, அதே அளவில் 'பாம்' ஒலியை வைத்தாள். உடனே திரும்பினான்.

"என்னங்க, லாரி வந்துடுச்சா?"

அவளால் சிரிக்க முடியவில்லை. வேலையில் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். பக்குவமாகச் சொல்லத் தெரியும். அன்று எல்லாம் மறந்துபோயிற்று. மனசில் இருந்தது அப்படியே வாயில் வந்தது.

"உங்க கையில ஒரு கோளாறும் இல்ல. உங்களுக்குக் காதுதான் சரியா கேக்கல."

அக்கா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

"எனக்கா?" அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "மோட்டார் சத்தத்துல பேரிங் தேய்மானம் கண்டுபிடிக்கறவன் நான். எனக்குக் காது கேக்கலையா?"

"மோட்டார் உறுமறது தாழ்ந்த சத்தம். அது கேக்கும். மேல் ஸ்தாயி மெல்லிய சத்தம்தான் உங்களுக்கு..."

"உங்க ஆஸ்பத்திரியில ஆள் குறைஞ்சுபோச்சா?"

சுருக்கென்று தைத்தது.

"நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"என் அக்கா முன்னாடி வெச்சு என்னைச் செவிடன்னு சொல்றது என் நல்லதுக்கா?" அவன் பையை எடுத்துக்கொண்டான். "தேங்க்ஸுங்க. ரொம்ப தேங்க்ஸ்."

கதவு ஆடி அடங்கியது. அக்கா என்னவோ சொன்னார். அவள் காதில் விழவில்லை.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அந்த இன்னொரு எண்ணம் வந்தது. காது மங்கியவர்கள் என்ன செய்வார்கள்? எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பார்கள். முன்னால் சாய்வார்கள். கண்ணை எடுக்கமாட்டார்கள்... அவள் தினமும் பார்க்கிற சங்கதி!

அப்படியானால் அந்தப் பார்வை?

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவ்வளவுதானா? அதற்கா நான் மை தீட்டிக்கொண்டு போனேன்? வானிலை அறிக்கை ஒப்பித்தேன்?

கண்ணில் மை கரைந்தது. வெளியே மழைகூட இல்லை. சாக்குச் சொல்லவும் வழியில்லை.

அவள் பயிற்சிக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். அவனும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அஞ்சாம் நம்பர் எப்போதும் காலியாகவே இருந்தது. அழைக்கலாம் என்று போனை எடுப்பாள். 'ஆள் குறைஞ்சுபோச்சா' நினைவுக்கு வரும். வைத்துவிடுவாள்.

ஒரு முற்பகலில் மருத்துவமனை வரவேற்பறையில் அக்கா உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கி இல்லாத அக்கா சின்னவராகத் தெரிந்தார்.

"ஏம்மா, வாஷிங் மெஷின் துணி துவைச்சு முடிச்சா கூப்பிடுமே... அந்தச் சத்தம் அவன் காதுல விழுமா?"

அவள் தயங்கினாள். "விழாமலும் இருக்கலாங்கக்கா."

அக்காவின் முகம் கோணிக்கொண்டது. "எங்க ரெண்டு பேருக்கும் வேற யாரும்மா இருக்கா? அவன்தான் எனக்கு, நான்தான் அவனுக்கு. மெஷின் பக்கத்துலயே உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பான். அது கத்திக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கா அவனைச் சோம்பேறி, தடிமாடுன்னு வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். நேத்து வேணும்னே ஓரமா நின்னு பாத்தேன். மெஷின் கத்துது... அவன் பாட்டுக்கு விளையாட்டுப் பக்கம் படிக்கறான். எனக்கு மட்டும் அழுகை வருது."

அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அவனை இழுத்துக்கிட்டு வரட்டுமா?"

"வேணாங்கக்கா. அவரா வரணும்."

அவனாக வந்தான். இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும், கம்பெனிச் சீருடையோடு, கையில் கருவிப் பெட்டியோடு. வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"உங்க லிஃப்ட்டுல ஏதோ சத்தம் வருதுன்னு..."

"எங்களுக்கு லிஃப்ட்டே இல்லைங்க. இது தரைத்தளம்."

"ஓ." பெட்டியைக் கீழே வைத்தான். காது மடல் சிவந்துபோயிற்று. "அப்ப... வந்ததுதான் வந்துட்டேன், காதையாவது பாத்துடுங்களேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. தலையில் ஒலிக்கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். அவன் தலைமுடி விரலில் பட்டபோது சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். வேலை... இது வேலை.

"எப்ப சத்தம் கேக்குதோ அப்ப அழுத்துங்க. லேசா கேட்டாலும் அழுத்தணும்."

"பொத்தான் அழுத்தறதுல என்னை மிஞ்ச ஆள் இல்லைங்க. எத்தனாவது மாடிக்குப் போகணும்?"

"கண்ணை மூடிக்குங்க. என்னைப் பாக்கக் கூடாது."

கதவைச் சாத்தி, வெளியே தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். தாழ்ந்த ஒலிகளை அனுப்பினாள். அவன் விரல் துள்ளித் துள்ளி அழுத்தியது. உதட்டில் வெற்றிச் சிரிப்பு. கொஞ்சம் மேலே போனாள். அழுத்தினான். இன்னும் மேலே... விரல் நின்றுவிட்டது. ஒலியைக் கூட்டினாள். இல்லை. மறுபடி கூட்டினாள்.

அவன் கண்ணை மூடியபடி காத்திருந்தான், நல்ல பிள்ளையாக. சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது. அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எவ்வளவு நேரம்தான் காத்திருப்பான்? மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான். கண்ணாடிக்கு அப்பால் அவள் விரல் விசையை அழுத்துவதைப் பார்த்தான். விட்டாள். அழுத்தினாள். விட்டாள். அவன் காதில் மட்டும் ஒன்றும் இல்லை.

சிரிப்பு மெதுவாக இறங்கியது.

அவள் எழுந்து உள்ளே போனாள். அவன் ஒலிக்கருவியைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நீங்க அழுத்திக்கிட்டே இருந்தீங்க. இல்ல?"

"ம்."

"நிறைய தடவை?"

"ம்."

அவன் பஞ்சுச் சுவரை விரலால் அழுத்திப் பார்த்தான். "மோட்டார் அறையில பஞ்சு வெச்சுக்கன்னு கம்பெனியில சொல்லுவாங்க. வெச்சுக்கிட்டா மோட்டார் பேசறது எப்படிக் கேக்கும்னு எடுத்துப் போட்டுடுவேன். பெரிய இவன்னு நினைப்பு." நிமிர்ந்தான். "அன்னிக்கு உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்புதான்."

"நானும் அப்படிப் போட்டு உடைச்சிருக்கக் கூடாது. அவசரப்பட்டுட்டேன்."

"இனி அவ்வளவுதானா?"

அப்போதுதான் அவள் குரலுக்கு உயிர் வந்தது. "யார் சொன்னா? போனது திரும்பாது, அது நிஜம். டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும். இருக்கறதைப் பத்திரமா வெச்சுக்கணும். இனிமே காதுக்குப் பஞ்சு வைக்காம மோட்டார் அறைக்குள்ள கால் வைக்கக் கூடாது. ஆனா உங்க கை... உங்க கை மின்னல்ங்க! நீங்க மெதுவா சுடலை. லேட்டா கேட்டீங்க, அவ்வளவுதான். சின்னச் சத்தத்தைக் கூட்டிக் குடுத்து வெடிச் சத்தத்தை மட்டும் தடுக்கற காதுக்கவசம் இருக்கு. அதைப் போட்டுக்கிட்டு, போட்டி அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா..."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான்."

அவன் கருவிப் பெட்டியை எடுத்தான். வாசல்வரை போய்த் திரும்பினான். "தக்காளிச் செடி வாங்கிட்டேங்க."

"வளருங்க. அது ஒரு பக்கம்."

தேர்வு நாள். திறந்தவெளி மைதானத்தில் தூறல் விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவள் வரக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். வைத்தியம் பார்த்தவள் வேலை முடிந்தது, இனி எதற்கு? ஆனாலும் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

அவன் முறை வந்தது. புதுக் காதுக்கவசம். கையில் நேரக் கருவியோடு வந்த அதிகாரியிடம் அவன் திரும்பினான். சுற்றிலும் போட்டியாளர்கள். 

"சார், எனக்குக் கீச்சுச் சத்தம் சரியா காதுல விழாது. கொஞ்சம் கிட்ட வெச்சுப் பிடிக்கிறீங்களா?"

எல்லாருக்கும் கேட்கும்படி, தெளிவாக.

அதிகாரி நரைத்த மீசைக்குள் சிரித்தார். "சுடற கூட்டத்துல பாதிப் பேருக்கு அப்படித்தான் தம்பி. எனக்கே அப்படித்தான். வாயைத் திறந்து சொன்னது நீதான்." தோளருகே கருவியைக் கொண்டுவந்தார்.

பீப்.

அவன் கை பறந்தது. இலக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. அவள் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

அணியில் கடைசி ஆளாக அவன் பெயரை வாசித்தார்கள். கடைசி ஆளாக இருந்தால் என்ன! அக்கா மைதானத்துக்குக் கேட்கும்படி விசிலடித்தார். அவன் குழந்தை மாதிரி குதித்தான்.

போதும். பார்த்தாயிற்று. அவள் ஓசைப்படாமல் வெளியே நடந்தாள். தூறல் ஆரம்பித்திருந்தது. வாகனங்கள் நிறுத்துமிடத்தைத் தாண்டுவதற்குள் பின்னால் காலடிச் சத்தம்.

"நாலாம் நம்பர்! நில்லுங்க!"

ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது அவனுக்கு. "சொல்லாம போறீங்க?"

"ஜெயிச்சுட்டீங்களே... வாழ்த்துகள். பஸ் வந்துடும்."

"அக்கா கிட்ட கேட்டேன். நீங்க எங்கிட்ட ஏன் முன்ன மாதிரி பேசறதில்லைன்னு. உன் மேல கோவம் இல்லடா, வேற என்னமோங்கறாங்க. அந்த என்னமோ என்னங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது. மழை வேறு கண்ணில் விழுந்தது.

"நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருப்பீங்கல்ல... பேசும்போது. நான் அதை வேற மாதிரி நினைச்சுட்டேன். காது கேக்காததால உதட்டைப் பாத்திருக்கீங்க. உங்க மேல தப்பில்ல. நான்தான் பைத்தியக்காரி மாதிரி..."

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"நீங்க சுடும்போது போனைப் பிடிச்சுக்கிட்டு நான்தானே பின்னாடி நிப்பேன்?"

"ஆமா."

"அப்ப நீங்க பேசுவீங்களா?"

"சுடும்போது யாராவது பேசுவாங்களா?"

"பேசமாட்டீங்க. உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு, மூக்கைச் சுருக்கிக்கிட்டு நிப்பீங்க. அப்ப நான் இலக்கைப் பாத்ததே இல்லைங்க. போனையும் பாத்ததில்ல. உங்களைத்தான் பாப்பேன். ஒண்ணுமே பேசாத ஆளோட முகத்துல படிக்கறதுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க?"

அவள் நிமிர்ந்தாள். ஆவி படியாத, கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்... கொஞ்சம் பயந்துபோயிருந்தன.

"உன்னைப் பிடிச்சிருக்கு," என்றான். நீங்க எங்கே போயிற்று என்று இருவரும் கவனிக்கவில்லை. "ரொம்பப் பிடிச்சிருக்கு. அணியில சேத்தாங்கன்னா சொல்லலாம்னு இருந்தேன். சேக்கலைன்னாலும் தக்காளி குடுக்கற சாக்குல வந்து சொல்லியிருப்பேன்."

மழை பெரிதாயிற்று. யாரும் ஒதுங்கவில்லை. அவள் உதடு ஏதோ முணுமுணுத்தது.

"என்ன? கேக்கலை," என்றான் அவன், காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு.

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். கண்ணோரத்தில் குறும்பு ஒளிந்துகொண்டிருந்தது.

"பொய்! என் குரல் உங்களுக்கு எவ்வளவு கேக்கும்னு எனக்குத் தெரியாதா? சோதிச்சவளே நான்தான்."

"சத்தியமா கேக்கலை. மழைச் சத்தம்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். நாள் முழுக்கக் கிசுகிசுத்தே பழகிய தொண்டை அது. இவ்வளவு சத்தம் தனக்குள் இருக்கும் என்று அவளே நினைத்ததில்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு!"

வாகனங்களுக்கு நடுவே குடையோடு வந்துகொண்டிருந்த அக்கா அப்படியே நின்றார்.

"எனக்கே கேட்டுடுச்சும்மா," என்றார். "போய் உங்க அம்மாவுக்குப் போனைப் போடு. நானே பேசறேன்."